இஸ்ரோ உளவு வழக்கு

இஸ்ரோ உளவு வழக்கு என்பது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் ஏவூர்தி இரகசியங்களைப் பாகிஸ்தானுக்கு விற்றதாக இரண்டு விஞ்ஞானிகள் உட்பட ஆறு பேர் மீது 1994இல் கேரளப் பொலிஸார் தொடுத்த வழக்கு. மாலைதீவுப் பெண் ஒருவர் வீசாக் காலம் கடந்து திருவனந்தபுரத்தில் தங்கியிருந்தார் என்ற சிறிய விடயத்தில் அது தொடங்கியது. ஐந்து மாதங்களுக்குள் ஒரு முதலமைச்சர் பதவி இழந்தார். பதினெட்டு மாதங்களுக்குள் வழக்கு பொய்யென்று மத்திய புலனாய்வுப் பணியகம் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் அது முடியவில்லை. அறிக்கையை ஏற்க மறுத்த மாநில அரசு, உச்ச நீதிமன்றத்தின் மூன்று தலையீடுகள், இழப்பீடு, விசாரித்தவர்கள் மீதே குற்றப்பத்திரிகை என்று முப்பது ஆண்டுகள் இழுபட்டது.

குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் உலகறிந்தவர் நம்பி நாராயணன். 1941இல் நாகர்கோவிலில் பிறந்த தமிழர். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அவர் விற்றதாகச் சொல்லப்பட்டது அணுகுண்டின் இரகசியம் அல்ல, ஏவூர்தி இயந்திரத்தின் இரகசியம். ஆனாலும் இந்த இரண்டையும் உலக அரசியல் ஒரே பெட்டியில்தான் வைத்திருந்தது. அணுகுண்டைச் சுமக்கக்கூடிய ஏவுகணைகள் பரவாமல் தடுக்கவென ஏழு கைத்தொழில் நாடுகள் 1987இல் ஏற்படுத்திய ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு, 500 கிலோ சுமையை 300 கிலோமீற்றருக்குக் கொண்டுபோகும் எந்தப் பொறியையும் சந்தேகத்துடனேயே பார்த்தது.

இலங்கை வாசகருக்குச் சொற்குறிப்பு ஒன்று தேவை. இந்தியாவில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது மாநில அளவிலானது, நமது மேல் நீதிமன்றத்துக்கு மேற்பட்டது. நாம் உயர் நீதிமன்றம் என்று சொல்லும் நாட்டின் இறுதி மன்றத்தை அங்கே உச்ச நீதிமன்றம் என்பர். இக்கட்டுரை இந்திய வழக்கையே பின்பற்றுகிறது.

இயந்திரமும் ஒப்பந்தமும்

நம்பி நாராயணன் 1966இல் தும்பா ஏவூர்தி நிலையத்தில் சேர்ந்தார். இஸ்ரோவின் அனுமதியுடன் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் சென்று, லூயிஜி குரோக்கோ என்ற பேராசிரியரிடம் இரசாயன ஏவூர்தி உந்துவியல் பயின்று திரும்பினார். அக்காலத்தில் இஸ்ரோவில் திண்ம எரிபொருளுக்கே செல்வாக்கு அதிகம். திரவ எரிபொருள்தான் நாளைக்கு வேண்டியது என்று வாதிட்ட சிலரில் இவர் முன்னின்றார். 1974இல் பிரான்சின் எஸ்.ஈ.பி. நிறுவனத்துடன் இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் செய்தது. இந்தியப் பொறியியலாளர்கள் பிரான்சில் வைக்கிங் இயந்திர உருவாக்கத்தில் உழைப்பார்கள், அந்த உழைப்புக்குப் பதிலாக இந்தியா தொழில்நுட்பத்தைப் பெறும். கையில் காசில்லாத நாடு மூளையைக் கொடுத்து வாங்கிய பேரம் அது. பிரான்சின் வெர்னோன் நகரில் பணியாற்றிய அந்தக் குழுவுக்கு நம்பி தலைமை தாங்கினார். அதிலிருந்து பிறந்ததே விகாஸ் இயந்திரம். பி.எஸ்.எல்.வி. ஏவூர்தியின் இரண்டாம் கட்டத்தில் இன்றும் அதுவே இயங்குகிறது. 2008இல் சந்திரயான்-1ஐயும் 2013இல் மங்கள்யானையும் கொண்டுபோன பயணங்களில் அதற்குப் பங்கு உண்டு. 2023இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.-3 ஏவூர்தியின் நடுக்கட்டத்தில் இரண்டு விகாஸ் இயந்திரங்கள் இருந்தன.

அடுத்த படி கிரையோஜெனிக் எனப்படும் கடுங்குளிர் இயந்திரம். −183 பாகை செல்சியஸில் திரவமாகும் ஒட்சிசனையும் −253 பாகையில் திரவமாகும் ஐதரசனையும் எரித்து அது இயங்கும். பாரமான செய்மதியைப் புவிநிலைச் சுற்றுப்பாதைக்கு ஏற்ற அத்தகைய இயந்திரம் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த நாடுகள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமான கிளாவ்கோஸ்மொஸுடன் இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. இயந்திரங்களோடு அவற்றைச் செய்யும் நுட்பத்தையும் தருவதாகப் பேச்சு. அமெரிக்கா எதிர்த்தது. 1992 மே மாதம் இரு நிறுவனங்கள் மீதும் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. சோவியத் ஒன்றியம் கலைந்து பணத்துக்குத் தடுமாறிய ரஷ்யா 1993இல் பின்வாங்கியது. இயந்திரங்களை விற்போம், நுட்பத்தைத் தரமாட்டோம் என்று ஒப்பந்தம் மாற்றி எழுதப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடுங்குளிர் இயந்திரம் ஏவுகணைக்கு உகந்ததல்ல. ஏவுகணை எந்த நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டியது. திரவ ஐதரசனை முன்கூட்டி நிரப்பி வைத்திருக்க முடியாது, நிரப்பவே மணிக்கணக்காகும். இன்னொன்று, 1994இல் இந்தியாவிடமே அந்த நுட்பம் இல்லை. தன் கையில் இல்லாத பொருளை ஒருவர் எப்படி விற்பார் என்ற கேள்வியை வழக்கின் முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்டவர்கள் மிகச் சிலர்.

1994 ஒக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. ஏவூர்தி முதன்முறையாக வெற்றி பெற்றது. விகாஸ் இயந்திரத்தைச் சுமந்து அது பறந்து ஐந்து நாட்களில் இந்த வழக்கின் முதல் கைது நடந்தது.

கைதுகள்

முதலில் கைதான மறியம் ரஷீதா அவ்வாண்டு ஜூன் மாதம் மாலைதீவிலிருந்து திருவனந்தபுரம் வந்திருந்தார். மாலைதீவு மக்களுக்குத் திருவனந்தபுரமும் கொழும்பும் அயலூர் மாதிரி. வைத்தியம், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று பலவற்றுக்கும் இந்த இரண்டு நகரங்களுக்கு வருவார்கள். அவருடைய தோழி ஃபௌஸியா ஹசன் தன் மகளைப் பெங்களூரில் பள்ளியில் சேர்க்க வந்தவர். செப்டெம்பரில் குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் நோய் பரவிய செய்தி எழுந்ததும் மாலைதீவுக்கான விமானங்கள் நின்றன. வீசா முடியும் நாள் நெருங்கவே, நீட்டிப்புக் கேட்டு ரஷீதா பொலிஸ் ஆணையாளர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவரது விடயத்தைக் கையாண்டவர் விசேட பிரிவுப் பரிசோதகர் எஸ். விஜயன். அந்த அதிகாரி தன்னிடம் தகாத முறையில் நடக்க முயன்றார் என்றும் தான் விரட்டிவிட்டதன் பழியே இந்தக் கைது என்றும் ரஷீதா பின்னர் சொன்னார். அது நீதிமன்றம் இன்னும் தீர்க்க வேண்டிய குற்றச்சாட்டு.

ரஷீதா தங்கிய விடுதியின் தொலைபேசிப் பதிவில் இஸ்ரோ விஞ்ஞானி டி. சசிகுமாரனின் இலக்கம் இருந்தது. ரஷீதாவிடம் திவேஹி மொழியில் எழுதிய நாட்குறிப்பு ஒன்று இருந்தது. வலமிருந்து இடமாக ஓடும் தானா எழுத்தைப் பொலிஸாருக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு தொலைபேசி இலக்கமும் வாசிக்க முடியாத ஒரு நாட்குறிப்பும் போதுமாயின. மலையாள நாளேடுகள் சில நாட்களில் இரு பெண்களையும் ஒற்றர்களாக்கி, அழகால் மயக்கி இரகசியம் பறித்த கதையைத் தொடராக வெளியிட்டன. அந்தப் பெண்களின் தோற்றத்தைப் பற்றி எழுதியவை இன்று வாசிக்கக் கூசுபவை.

நவம்பர் 13 அன்று அலுவலக இரகசியங்கள் சட்டத்தின் கீழ் இரண்டாவது வழக்கு பதிவானது. ஃபௌஸியா ஹசனும் கைதானார். நவம்பர் 21 அன்று சசிகுமாரன் கைதானார், நவம்பர் 30 அன்று நம்பி நாராயணன். கிளாவ்கோஸ்மொஸின் இந்தியப் பிரதிநிதியாக இருந்த பெங்களூர் கே. சந்திரசேகரும் எஸ்.கே. சர்மா என்ற ஒப்பந்தக்காரரும் மற்ற இருவர். பொலிஸாரின் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கு சிபி மேத்யூஸ் தலைமை தாங்கினார். உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி.யின் அதிகாரிகளும் விசாரணைக்குள் இறங்கினர்.

இந்த விசாரணை எப்படி நடந்தது என்பதை நம்பி நாராயணன் தன் நூல்களிலும் நீதிமன்றங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மணிக்கணக்காக நிற்க வைத்தார்கள், அடித்தார்கள், மயங்கி விழுந்தபோது வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். திரவ உந்து அமைப்பு மையத்தின் அன்றைய பணிப்பாளர் ஏ.ஈ. முத்துநாயகத்தின் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தினார்கள் என்பதும் அவர் கூற்று. அவர் சொல்லவில்லை. அந்த ஒரு மறுப்புக்காகவே இவரை மதிக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஐம்பது நாட்கள் காவலில் இருந்து 1995 ஜனவரியில் பிணையில் வந்தார்.

இந்திய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது என்றது. நமது 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் அதே விதி அதே 25ஆம் பிரிவாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே வெள்ளைக்கார வரைவின் பிள்ளைகள். நீதிமன்றத்தில் செல்லாத அந்த ஒப்புதல்கள் கேரளத்துப் பத்திரிகைகளில் முதற்பக்கத்தில் செல்லுபடியாயின. இலங்கையில் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த விதியையும் தளர்த்தி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக்கியது. போகம்பரைச் சிறை மூடப்படும் வரை அதன் மதிலைக் கடந்து கண்டிச் சந்தைக்குப் போய்வந்த தமிழர் எவருக்கும், விசாரணை அறையில் பிறக்கும் ஒப்புதல் என்பது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

மத்திய புலனாய்வுப் பணியகம் கண்டது

டிசம்பர் தொடக்கத்தில் வழக்கு சி.பி.ஐ. எனப்படும் மத்திய புலனாய்வுப் பணியகத்தின் கைக்கு மாறியது. அவர்கள் கேட்டவை எளிய கேள்விகள். எந்த ஆவணம் காணாமல் போனது? எவ்வளவு பணம் கைமாறியது, அது எங்கே? சொல்லப்பட்ட நாளில் சொல்லப்பட்ட இடத்தில் சொல்லப்பட்டவர்கள் சந்தித்தார்களா? ஆவணம் எதுவும் காணாமற் போகவில்லை. பெருந்தொகை பெற்றார்கள் என்றவர்களின் வீடுகளிலும் வங்கிக் கணக்குகளிலும் அப்படி ஒரு பணம் இல்லை. சந்திப்புகளாகச் சொல்லப்பட்டவை விடுதிப் பதிவேடுகளோடும் அலுவலகப் பதிவேடுகளோடும் பொருந்தவில்லை. ஒருவரின் ஒப்புதலை மற்றவரின் ஒப்புதல் மறுத்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கடுங்குளிர் இயந்திரத்தின் வரைபடங்கள் சிலவற்றைச் சுருட்டிக் கொடுத்தால் வாங்கியவர் இயந்திரம் செய்துவிட முடியாது. உலோகக் கலவை, பற்றவைப்பு, சோதனைக் கூடம், பழகிய கைகள் எல்லாம் வேண்டும். வரைபடத்தை வாங்குவதோடு அமையாமல் தன் பொறியியலாளர்களை ஆண்டுக்கணக்காக வெர்னோனில் வைத்துத்தான் இந்தியாவே விகாஸைக் கற்றது. அந்தப் பாடத்தை நடத்தியவரையே, ஒரு காகிதக் கட்டில் அதைப் பாகிஸ்தானுக்கு அனுப்பினார் என்று குற்றஞ்சாட்டினார்கள்.

1996 ஏப்ரலில் சி.பி.ஐ. வழக்கை முடிக்கும் அறிக்கையைச் சமர்ப்பித்தது. குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படாதவை, பொய்யானவை என்றது. மே 2 அன்று எர்ணாகுளம் தலைமை நீதித்துறை நடுவர் அதை ஏற்று அறுவரையும் விடுவித்தார். பொலிஸ், ஐ.பி. அதிகாரிகளின் தவறுகளைக் குறித்து மத்திய, மாநில அரசுகளுக்குத் தனி அறிக்கையும் போனது. வழக்கு நியாயமாக அங்கே முடிந்திருக்க வேண்டும்.

கட்சிகளின் கையில்

முடியாததற்குக் காரணம் அரசியல். 1991 முதல் கேரள முதலமைச்சராக இருந்தவர் காங்கிரஸின் கே. கருணாகரன். அவரது அணிக்கும் ஏ.கே. அந்தோனியின் அணிக்கும் பகை முற்றியிருந்த காலம். வழக்குக்குச் சில மாதங்கள் முன்னரே அந்தோனி அணியின் உம்மன் சாண்டி நிதி அமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். இந்த உட்பூசலுக்கு உளவு வழக்கு எரிபொருளாயிற்று.

பொலிஸ் உயரதிகாரி ராமன் ஸ்ரீவஸ்தவாவும் ஒற்றர் வலையில் ஒருவர் என்று பேச்சு கிளம்பியது. அவர் கருணாகரனுக்கு நெருக்கமானவர் எனப் பெயரெடுத்தவர். ஸ்ரீவஸ்தவாவைக் காப்பாற்றுகிறார், அதாவது ஒற்றரைக் காப்பாற்றுகிறார் என்று முதலமைச்சர் மீது எதிர்க்கட்சியும் சொந்தக் கட்சியின் மறு அணியும் ஒருசேரப் பாய்ந்தன. 1995 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று சி.பி.ஐ.யைக் குறைகூறி, ஸ்ரீவஸ்தவாவைப் பற்றியும் கடுமையாகச் சொன்னது. கூட்டணிக்குள் ஆதரவு கரைந்தது. மார்ச் நடுப்பகுதியில் கருணாகரன் பதவி விலகினார். அதே மாதம் 22ஆம் திகதி அந்தோனி முதலமைச்சரானார்.

இந்த வழக்கில் விஞ்ஞானிகளைப் பற்றிய பேச்சு எவ்வளவு, ஒரு நாற்காலியைப் பற்றிய பேச்சு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் பிற்பட்ட நிகழ்ச்சிகள் ஓரளவு சொல்லும். எந்த ஸ்ரீவஸ்தவாவுக்காக ஓர் ஆட்சித் தலைவர் வீழ்த்தப்பட்டாரோ, அவரே மீண்டும் பணிக்கு வந்து கேரளப் பொலிஸ் தலைவராகவும் எல்லைப் பாதுகாப்புப் படைத் தலைவராகவும் உயர்ந்தார். 2017இல் அவரைத் தன் பொலிஸ் ஆலோசகராக்கியவர் மார்க்சிஸ்ட் முதலமைச்சர் பினராயி விஜயன். அன்று தெருவில் இறங்கி அவரை ஒற்றர் என்றவர்களுள் இடதுசாரிகளும் இருந்தனர்.

இடதுசாரிகளின் பங்கு இதோடு நிற்கவில்லை. 1996 தேர்தலில் வென்று, மே மாதம் ஈ.கே. நாயனார் முதலமைச்சரானார். நடுவர் நீதிமன்றம் அறுவரையும் விடுவித்து இரண்டு மாதங்கூட ஆகாத நிலையில், ஜூன் 27 அன்று, அவரது அரசு சி.பி.ஐ.க்குக் கொடுத்த இசைவைத் திரும்பப் பெற்று வழக்கை மாநிலப் பொலிஸார் மீண்டும் விசாரிக்க உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் நவம்பரில் அதைச் சரியென்றது. விண்வெளித் துறையின் பெரியோர்களான சதீஷ் தவன், யூ.ஆர். ராவ், யஷ்பால், ரொட்டம் நரசிம்மா ஆகியோர், முன்னாள் தேர்தல் ஆணையர் டி.என். சேஷனோடு சேர்ந்து, இந்த வழக்கு கட்டியெழுப்பப்பட்டது என்று பகிரங்கமாக அறிக்கையிட்டனர். சதீஷ் தவனும் யூ.ஆர். ராவும் இஸ்ரோவின் தலைவர்களாக இருந்தவர்கள். பதவியில் இருந்தவர்கள் காட்டாத துணிவை ஓய்வுபெற்றவர்கள் காட்டினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

1998 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை இரத்துச் செய்தது. சி.பி.ஐ. பொய்யென்று முடித்த வழக்கை அதே குற்றச்சாட்டின் மேல் மாநிலப் பொலிஸிடமே மீண்டும் கொடுப்பது அதிகாரத்தை முறைகேடாகப் பயன்படுத்துவதாகும் என்று கண்டு, மேன்முறையீடு செய்தவர்களுக்குத் தலா 1 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

ஆட்சிகள் மாறி மாறி வந்தன. விசாரித்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க எந்த ஆட்சியும் விரும்பவில்லை. 2011 ஜூனில் நடவடிக்கை வேண்டாம் என்று முறைப்படி முடிவெடுத்தது உம்மன் சாண்டியின் அரசு. மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது ஒரு கட்சி, அதிகாரிகளை விட்டுவிட்டது மறு கட்சி. பின்னர் பாரதிய ஜனதாக் கட்சியும் வந்து சேர்ந்தது. 2019 ஜனவரியில் நம்பிக்குப் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில், திருச்சூர்க் கூட்டத்தில் பிரதமர் மோடி காங்கிரஸாரின் உட்பூசலே ஒரு விஞ்ஞானியைப் பலியிட்டது என்றார். 1996 மறுவிசாரணைக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டிருந்த முன்னாள் பொலிஸ் தலைவர் டி.பி. சென்குமாரோ விருதுக்கே எதிர்ப்புத் தெரிவித்தார். ஒரே மனிதர் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கட்சிக்கும் கையிலெடுக்க வசதியான கல்லாக இருந்திருக்கிறார்.

இழப்பீடும் குற்றப்பத்திரிகையும்

நம்பி நாராயணன் 2001இல் இஸ்ரோவிலிருந்து ஓய்வு பெற்றார். வழக்கின் பின் அவருக்கு இயந்திரங்களோடு தொடர்பற்ற மேசை வேலையே கிடைத்தது. அதே ஆண்டு தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு 10 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்தப் பணத்தைக் கைக்கு வரச் செய்யவே மேலும் பத்தாண்டுக்கு மேல் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அவர் கேட்டது பணம் மட்டுமல்ல. யார் இதைச் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று கேட்டார். 2018 செப்டெம்பர் 14 அன்று பிரதம நீதியரசர் தீபக் மிஸ்ரா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, அவரது கைது தேவையற்றது என்றும் அவர் அனுபவித்தது கொடுமை என்றும் தீர்மானித்து, 50 இலட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. அதிகாரிகளின் பங்கை ஆராய முன்னாள் நீதியரசர் டி.கே. ஜெயின் தலைமையில் குழு ஒன்றையும் அமைத்தது. வழக்கின் இன்னொரு எதிரியான சந்திரசேகர் அந்தத் தீர்ப்பு வந்த இரண்டாம் நாள் பெங்களூரில் காலமானார். சர்மாவும் அவ்வாண்டிலேயே இறந்தார். 2020இல் கேரள அரசு நம்பிக்கு மேலும் 1.3 கோடி ரூபாய் கொடுத்துச் சமரசம் செய்தது.

ஜெயின் குழு அறிக்கையின் பேரில் 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. பதினெட்டு முன்னாள் அதிகாரிகள் மீது முறைப்பாடு பதிவானது. 2024 ஜூனில் திருவனந்தபுரம் நீதிமன்றத்தில் ஐவர் மீது குற்றப்பத்திரிகை வந்தது: முன்னாள் பொலிஸ் அதிகாரிகளான எஸ். விஜயன், சிபி மேத்யூஸ், கே.கே. ஜோஷுவா, முன்னாள் ஐ.பி. அதிகாரிகளான ஆர்.பி. ஸ்ரீகுமார், பி.எஸ். ஜெயபிரகாஷ். இவை குற்றச்சாட்டுகளே. நிரூபிக்கப்படும் வரை அவர்களும் நிரபராதிகள். முப்பது ஆண்டுகளுக்கு முன் நம்பிக்கும் மற்றவர்களுக்கும் மறுக்கப்பட்ட அந்த உரிமையை இவர்களுக்கு மறுக்கக் கூடாது.

வெளிநாட்டுச் சதி என்ற விளக்கம்

இந்தியாவின் ஏவூர்தித் திட்டத்தை முடக்க அமெரிக்க உளவு நிறுவனம் இந்த வழக்கைத் தூண்டியது என்று நம்பி நாராயணன் நம்புகிறார். 2022இல் ஆர். மாதவன் இயக்கி நடித்த ‘ரொக்கெட்ரி’ திரைப்படத்தின் வழியாக இது பரவலான நம்பிக்கையாகிவிட்டது. வெளிநாட்டுக் கையின் சந்தேகம் இருப்பதாக 2021இல் சி.பி.ஐ.யும் நீதிமன்றத்தில் சொன்னது. 1992 தடையையும் ரஷ்யா மீதான நெருக்குதலையும் பார்க்கும்போது அந்தச் சந்தேகம் எழுவது இயல்பு.

ஆனால் காலவரிசை சற்று இடறுகிறது. அமெரிக்கா வேண்டியதை 1993இலேயே பெற்றுவிட்டது. நுட்பப் பரிமாற்றம் நின்று ஓராண்டுக்குப் பிறகுதான் கைதுகள் நடந்தன. வழக்கின் ஒவ்வொரு திருப்பத்திலும் கையெழுத்து உள்ளூர்க் கையெழுத்தாகவே இருக்கிறது: திருவனந்தபுரத்துப் பரிசோதகர், கேரளத்துக் கட்சி அணிகள், மலையாளப் பத்திரிகைகள். வெளியிலிருந்து யாரும் தூண்டாமலேயே இவ்வளவும் நடந்திருக்க முடியும் என்பதுதான் அதிகம் கலங்க வைப்பது. இழப்பு மட்டும் உறுதியானது. ரஷ்ய இயந்திரத்துடன் முதல் ஜி.எஸ்.எல்.வி. ஏவூர்தி 2001இல் பறந்தது. உள்நாட்டுக் கடுங்குளிர் இயந்திரம் 2010 ஏப்ரலில் தோற்று, 2014 ஜனவரி 5 அன்றே வென்றது. அந்த ஆண்டுகளை எல்லாம் இந்த வழக்கின் கணக்கில் எழுதுவது மிகையாகும். ஆனால் கடுங்குளிர் இயந்திரத் திட்டத்தின் தலைவரான நம்பியையும் அவரது துணை அதிகாரியான சசிகுமாரனையும் ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டு போனால் ஒன்றும் பாதிக்காது என்பதும் நம்பத்தக்கதல்ல.

ஒத்த வழக்குகள்

கேரள வழக்கை உச்ச நீதிமன்றம் முடித்து ஓராண்டுக்குள் அமெரிக்காவில் அதன் மறுபதிப்பு வெளியானது. வென் ஹோ லீ, தாய்வானில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், லொஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூட விஞ்ஞானி. டபிள்யூ-88 என்ற அணுகுண்டின் வடிவமைப்பைச் சீனா திருடிவிட்டது என்ற செய்தி 1999 மார்ச் 6 அன்று நியூயோர்க் டைம்ஸில் வந்தது. இரண்டே நாளில் லீ வேலை இழந்தார். சீனாவிடம் மென்மை காட்டுகிறார் என்று ஜனாதிபதி கிளின்டனைக் குடியரசுக் கட்சியினர் தாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மென்மையில்லை என்று காட்ட நிர்வாகத்துக்கு ஒருவர் தேவைப்பட்டார். 59 குற்றச்சாட்டுகளோடு லீ 278 நாட்கள் தனிச் சிறையில் இருந்தார். இறுதியில் கோப்புகளை முறையின்றிக் கையாண்டதான ஒரே குற்றச்சாட்டை அவர் ஏற்க, மற்றவை கைவிடப்பட்டன. நீதிபதி ஜேம்ஸ் பார்க்கர் திறந்த நீதிமன்றில் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். 2006இல் அரசும் ஐந்து செய்தி நிறுவனங்களும் சேர்ந்து 16 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தன. கேரளத்தில் ஒற்றர் கதைகளை அச்சிட்ட எந்தப் பத்திரிகையும் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அதற்கும் முன்னோடி, அணுகுண்டின் தந்தை எனப்பட்ட ரொபர்ட் ஒப்பன்ஹைமர். 1954இல் அவரது பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. அந்த முடிவு தவறென்று அமெரிக்க எரிசக்தித் துறை இரத்துச் செய்தது 2022 டிசம்பரில். அவர் இறந்து ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

இலங்கையில் அணு விஞ்ஞானி வழக்கு எதுவும் இல்லை. ஆனால் அறிவுத்துறை சார்ந்த ஒருவரை ஒரு முதற்பக்கச் செய்தி எப்படிக் குற்றவாளியாக்கும் என்பதை 2019இல் மலையகத்தின் விளிம்பிலேயே பார்த்தோம். குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதத்தில், ஒரு சிங்கள நாளேடு எழுதியது. மறுநாள் அவர் கைதானார். அடுத்த வாரம் கண்டி தலதா மாளிகை முன்றலில் அத்துரலியே ரத்தன தேரர், முஸ்லிம் அமைச்சர் ஒருவரையும் ஆளுநர்கள் இருவரையும் விலக்கக் கோரி உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3 அன்று முஸ்லிம் அமைச்சர்கள் அனைவரும் பதவி விலகினர். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடிப் பார்த்தும் வைத்தியர் மீதான குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை. அவர் இரண்டு மாதங்களின் பின் பிணையில் வந்தார். பின்னர் நிலுவைச் சம்பளத்தோடு மீண்டும் பணிக்கு எடுக்கப்பட்டபோது, அந்தப் பணத்தை நாட்டின் மருந்துத் தட்டுப்பாட்டுக்கே கொடுத்துவிட்டார். கண்டி நகரம் அந்த ஜூன் மாதத்தில் கடையடைத்து நின்றதைக் கண்டவர்களுக்கு, 1994 நவம்பரில் திருவனந்தபுரம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

மாலைதீவுப் பெண்கள்

நம்பி நாராயணனுக்கு விருது கிடைத்தது, படம் வந்தது, நீதிமன்றம் அவர் பெயரைத் துடைத்துக் கொடுத்தது. அவை அவருக்கு உரியவை. ஆனால் வழக்கில் மிக நீண்ட காலம் சிறையில் இருந்தவர்கள் ரஷீதாவும் ஃபௌஸியாவும்தான். விஞ்ஞானிகள் பிணையில் வெளிவந்த பின்னும் வெளிவராத அவர்கள், மொத்தம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தார்கள். ரஷீதாவைத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் தடுத்து வைத்தார்கள். மொழி தெரியாத ஊர், உறவில்லாத ஊர். அவர்களுக்காகக் கேரளத்தில் எந்தக் கட்சியும் ஊர்வலம் போகவில்லை. பத்திரிகையாளர் சிலர் நம்பியிடம் பின்னர் தாழ்ந்த குரலிலாவது வருத்தம் தெரிவித்தனர். இந்த இரண்டு பெண்களைப் பற்றி எழுதியதைத் திருத்தி எழுதியவர்கள் அரிது. 2018இன் 50 இலட்சம் நம்பிக்கு மட்டுமானது.

ஃபௌஸியா ஹசன் மாலே திரும்பி, திரைப்படங்களில் நடித்தார், மாலைதீவின் திரைப்படத் தணிக்கைச் சபையில் பணியாற்றினார். கடைசிக் காலத்தில் சிகிச்சைக்காக இலங்கை வந்தவர், 2022 ஓகஸ்ட் 31 அன்று கொழும்பில் காலமானார். மறியம் ரஷீதா அன்று பொலிஸ் அலுவலகத்தில் நடந்ததாகச் சொன்ன குற்றச்சாட்டைச் சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் எழுதி நீதிமன்றில் வைத்தபோது, தோழி இறந்து ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.